மூலக் கோப்பும் தரவுத்தள வினவலும்

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூலில் பயில்கின்றது என்பார்க்குச் சான்று காட்டுதல் எளிது. அச்சொல் வரும் அடி ஒன்றைச் சுட்டினால் போதும். ஓரிடத்தும் பயிலவில்லை என்பார்க்கோ நூல் முழுவதுமே சான்றாதல் வேண்டும். நூல்களின் காலத்தைச் சொல்வழக்குக் கொண்டு துணியும் ஆராய்ச்சியில் இவ்வின்மைச் சான்று பெரும்பங்கு கொள்கின்றது. முன்னாளில் சொல்லடைவு தொகுத்தோர் நூலை எழுத்தெண்ணிப் படித்து, அட்டைகளில் குறித்து, அவற்றை அகர நிரலில் அடுக்கிய பின்னரே ‘இல்லை’ என்னும் சொல்லை எழுதத் துணிந்தனர். இந்நாளில் நூல் கணிப்பொறியில் ஒரு கோப்பாக உள்ளது. ஆய்வாளர் அதனைத் தரவுத்தளத்தில் ஏற்றி வினவுகின்றார். சுழி என்னும் விடை நொடிப்பொழுதில் வருகின்றது. அச்சுழி நூலின் இயல்பால் வந்ததா, கோப்பின் இயல்பால் வந்ததா, கோப்பை ஏற்றிய முறையால் வந்ததா என்பதனை அவ்விடை தானே உரைக்கமாட்டாது.

இவ்வையத்தைக் களைதற்கு ஒரு வழி உண்டு. கோப்பிலுள்ளதை எவ்வகை மாற்றமும் செய்யாது, உள்ளது உள்ளவாறே வினவலின் வாயிலாகப் படித்தலே அவ்வழி. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, தமிழ் மூலங்களை ஆராய்வார்க்கு அதனால் விளையும் பயன் யாது, அதற்குரிய எல்லை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. ஏற்றுதலும் பதிப்பித்தலும்

தரவுகளை நிரையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக நோக்கும் கொள்கையை எட்கர் காட் என்பார் 1970-ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வட்டவணைகளை வினவுதற்குரிய மொழியைச் சேம்பர்லின், பாய்சு என்னும் இருவர் 1974-இல் அமைத்தனர். எஸ்.கியூ.எல். என வழங்கும் அம்மொழி 1987-இல் உலகத் தரமாக ஏற்கப்பெற்றது. இம்மொழியில் வினவுவோர், விடையை எவ்வாறு தேடுதல் வேண்டும் என்று கூறுவதில்லை. எவ்வகை விடை வேண்டும் என்பதனை மட்டும் கூறுகின்றனர். தேடும் முறையைத் தரவுத்தளமே வகுத்துக் கொள்கின்றது.

வழக்கமான முறையில், வினவுதற்கு முன்னர்க் கோப்பு அட்டவணைக்குள் ஏற்றப்படுதல் வேண்டும். ஏற்றுங்கால் மூன்று செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு நிரையாகப் பிரிக்கப்படுகின்றது. இரண்டாவது, காற்புள்ளி போன்ற ஒரு குறியைக் கொண்டு ஒவ்வொரு வரியும் பத்திகளாகப் பிரிக்கப்படுகின்றது. மூன்றாவது, கோப்பிலுள்ள எண்கள் இன்ன எழுத்துக்களைக் குறிக்கும் என்று கொள்ளப்படுகின்றது.

இம்மூன்றும் பதிப்பாசிரியர் செய்யும் செயல்களே ஆம். ஆயின் பதிப்பாசிரியர் தம் பெயரையும் காரணத்தையும் முன்னுரையில் எழுதுகின்றார். ஏற்றுங் கருவி எதனையும் எழுதுவதில்லை. உரைநடைப் பகுதியொன்றில் வரும் காற்புள்ளி, பத்தி பிரிக்கும் குறியாகக் கொள்ளப்படின், வாக்கியத்தின் பிற்பாதி வேறு பத்திக்குச் சென்றுவிடும். தொடங்கி முடியாத மேற்கோட்குறி ஒன்று இருப்பின், அடுத்த மேற்கோட்குறி வருமளவும் உள்ள வரிகள் அனைத்தும் ஒரே மதிப்பாக விழுங்கப்படும். செய்யுளின் தனிச்சொல்லைப் பிரித்துக் காட்டும் இடைவெளியும், பாட்டிற்கும் பாட்டிற்கும் இடையே நிற்கும் வெற்று வரியும் பயனற்றவை எனக் கருதி நீக்கப்படுதலும் உண்டு. இவ்வாறு திரிந்ததனை மூலம் எனக் கொண்டு எண்ணும் எண்ணிக்கை எங்ஙனம் மெய்யாகும்?

2. நேரே படிக்கும் முறைகள்

கோப்பை ஏற்றாமலே வினவும் வசதி தரவுத்தளங்கட்குப் படிப்படியாக வந்தது. புறத்தேயுள்ள தரவுகளை வினவுதற்குரிய தனிப்பகுதி ஒன்று 2001-இல் எஸ்.கியூ.எல். தரத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஆரக்கிள் தன் ஒன்பதாம் பதிப்பில் புற அட்டவணை என்னும் அமைப்பைத் தந்தது. போஸ்ட்கிரெஸ் 2011-இல் வெளிவந்த 9.1-ஆம் பதிப்பில் கோப்பையே அயல் அட்டவணையாக நோக்கும் இணைப்பை அளித்தது. இவை கோப்பைத் தரவுத்தளத்துள் கொணராமல், இருந்த இடத்திலேயே வைத்துப் படிப்பன. எனினும் மேற்கூறிய வரிப்பிரிப்பும் பத்திப்பிரிப்பும் இவற்றிலும் உள. ஆதலின் இவற்றை முதல்வகை எனப் பிரித்துக் கொள்வோம்.

நமக்கு வேண்டுவது இரண்டாம் வகை. இதில் கோப்பு முழுவதும், முதல் எண் தொடங்கி இறுதி எண் ஈறாக, ஒரே மதிப்பாக வினவலின் விடையில் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸில் இதற்கு இரு செயற்கூறுகள் உள. பிஜி_ரீட்_ஃபைல் என்பது கோப்பை எழுத்தாகப் படிக்கும். பிஜி_ரீட்_பைனரி_ஃபைல் என்பது வெற்று எண்களாகப் படிக்கும். மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக ஓப்பன்ரோசெட் என்னும் அமைப்பில் இவ்வசதியைத் தருகின்றது. அதனுள் சிங்கிள்_ப்ளாப் என்று குறித்தால் எண்களாகவும், சிங்கிள்_க்ளாப் என்று குறித்தால் எழுத்தாகவும் கோப்பு படிக்கப்படும். மைஎஸ்கியூஎல்லில் லோட்_ஃபைல் என்பதும், எஸ்கியூலைட்டின் கட்டளைச் சாளரத்தில் ரீட்ஃபைல் என்பதும் இவ்வினத்தன.

ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறி ஆய்வு நிறுவனத்தில் தோன்றி 2019 முதல் வெளிவரும் டக்டிபி, தமிழ் ஆய்வாளர்க்கு மிகவும் பயன்படத்தக்கது. அதன்கண் ரீட்_டெக்ஸ்ட், ரீட்_ப்ளாப் என இரண்டு உள. ஓர் அடைவின் பெயருக்குப் பின்னர் உடுக்குறி இட்டு வினவினால், அவ்வடைவிலுள்ள கோப்புக்கள் அனைத்தும் கோப்புக்கு ஒரு நிரையாக வந்து நிற்கும். கோப்பின் பெயர், அதன் உள்ளீடு, அளவு, இறுதியாக மாற்றப்பெற்ற காலம் ஆகிய நான்கும் நான்கு பத்திகளாக அமையும். ஒரு நூலின் பத்துப் படிகள் பத்துக் கோப்புக்களில் இருப்பின், அவற்றை ஒருங்கே வைத்து ஒப்பு நோக்கற்கு இதனினும் எளிய வழி இல்லை.

3. எண்ணும் எழுத்தும்

கோப்பில் எழுத்துக்கள் இல்லை, எண்களே உள. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையுள் அடங்கும். அதனைப் பைட்டு என்பர். இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். உடன்பாடு மாறின், அதே எண்கள் வேறு எழுத்துக்களாகத் தோன்றும்.

தமிழுக்கு அவ்வுடன்பாடு ஒன்றன்று. ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதெனினும், அது வழக்கில் வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின. அதற்கிடையில் தஸ்கி என்னும் குறியேற்றம் பரவியது. தமிழக அரசு 1999-இல் சென்னையில் கூட்டிய தமிழிணைய மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் இரண்டு ஏற்கப்பெற்றன. இவையன்றி அச்சகங்கள் தத்தம் எழுத்துருவுக்கேற்ப வகுத்துக் கொண்டவையும் பல. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது அதன் கோப்புக்கள் தஸ்கியிலேயே அமைந்தன. பின்னரே ஒருங்குறிக்கு மாறின. எனவே இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் தட்டெழுதப்பெற்ற தமிழ் மூலங்கள் பல குறியேற்றங்களில் கிடக்கின்றன என்பது உளங்கொள்ளத்தக்கது.

தஸ்கி, கண்ணுக்குத் தோன்றும் முறையில் எழுத்தை வைப்பது. ‘கொ’ என்பதில் முதலில் கொம்பும், பின்னர்க் ககரமும், அதன்பின் காலும் மூன்று பைட்டுக்களாக நிற்கும். ஒருங்குறியோ ஒலிமுறையைத் தழுவியது. அதன்கண் ககரமே முன்னிற்க, உயிர்க்குறி பின்வரும். ஒருங்குறியை எழுதும் யுடிஎஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக்களைப் பெறும். ககரம் 224, 174, 149 என்னும் மூன்று எண்களாக நிற்பது காண்க.

ஒரு தஸ்கிக் கோப்பை ஒருங்குறிக் கோப்பு எனக் கருதிப் படித்தால் நிகழ்வது யாது? யுடிஎஃப்-8 விதிக்கு ஒவ்வாத எண்களைக் கண்டவிடத்துச் சில கருவிகள் அவ்வொவ்வொன்றற்கும் ஈடாக ஒரே மாற்றுக்குறியை இட்டுச் செல்லும். ககரமாயினும் பகரமாயினும் அவ்விடத்தில் நிற்பது அம்மாற்றுக்குறி ஒன்றே. அந்நிலையில் சேமித்துவிடின் எது எதுவாக இருந்தது என்று மீட்டறிய வழியில்லை. தமிழை ஏலாத குறிப்பக்கத்தையுடைய பத்தியில் எஸ்.கியூ.எல். சர்வர் ஒருங்குறித் தமிழை வைக்க நேரின், ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாக மாறிவிடும். சுவடியைச் செல்லரித்தால் அரித்த இடமாவது கண்ணுக்குத் தெரியும். எஞ்சிய எழுத்தின் துணைகொண்டு ஊகிக்கவும் இயலும். ஈண்டு அதுவும் இயலாது.

போஸ்ட்கிரெஸும் டக்டிபியும் இவ்வகையில் பாராட்டத்தக்கன. எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கால் விதிக்கு ஒவ்வாத எண்ணைக் கண்டால், அவை மாற்றுக்குறி இடாமல் பிழை கூறி நின்றுவிடும். அப்பிழைச் செய்தி ஆய்வாளர்க்குத் தடையன்று; இக்கோப்பு யுடிஎஃப்-8 அன்று என்னும் அறிவிப்பே அது. அந்நிலையில் பைட்டுக்களாகப் படிக்கும் செயற்கூறைப் பயன்படுத்திக் கோப்பு எக்குறியேற்றத்தது என்று துணிந்து, அதற்குரிய மாற்றியைக் கொண்டு மாற்றுதல் முறை. மூலக் கோப்பு இடையறாது அப்படியே இருத்தல் வேண்டும்.

4. வடிவம் ஒன்று, எண் இரண்டு

குறியேற்றம் ஒருங்குறியே எனத் துணிந்த பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக்குறியை ஒரே குறியாக இடுதல் ஒன்று. அப்போது பைட்டுக்கள் ஆறு. ககரத்தின்பின் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. அப்போது பைட்டுக்கள் ஒன்பது. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘கொடை’ என்னும் சொல் முதல்வகையில் 12 பைட்டுக்களும், இரண்டாம் வகையில் 15 பைட்டுக்களும் பெறும். தரவுத்தளம் பொதுவாக எண்களை ஒப்பிடுவதாகலின், ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஒரே நூலை இருவர் பகுத்துக்கொண்டு வெவ்வேறு விசைப்பலகையில் தட்டெழுதியிருப்பின், நூலின் முற்பாதியில் ‘கொடை’ பயில்வதாகவும் பிற்பாதியில் பயிலாததாகவும் முடிவு பிறக்கும். அதனைக் கொண்டு நூலுக்கு ஆசிரியர் இருவர் எனத் துணிவாரும் உளராகலாம்!

இதற்கு மருந்து இயல்பாக்கம் எனப்படும். பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் வரையறுத்த முறை அது. போஸ்ட்கிரெஸ் 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் என்னும் செயற்கூறால் இதனைச் செய்கின்றது. ஒரு தொடர் இயல்பாக்கப்பட்டதா என்று வினவும் வசதியும் அதன்கண் உண்டு. டக்டிபியிலும் இதற்கொத்த செயற்கூறு உளது. ஆயின் இயல்பாக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் களைந்துவிடலாகாது. இருவகை எழுத்துமுறையும் எங்கெங்கு மாறுகின்றன என்பதே, கோப்பு எத்தனை கைப்பட்டது என்பதற்குச் சான்றாதல் கூடும்.

ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையும், எகர ஏகார வேறுபாடு தோன்றாமையும், காலும் ரகரமும் ஒத்த வடிவினவாய் நிற்றலும் பதிப்பாசிரியர் அனைவரும் அறிந்தவை. சீவகசிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஐயமுள்ள இடத்துப் பாடபேதங்களைக் காட்டிச் சென்றமையால், பின்வந்தோர் அம்முடிவுகளை மீண்டும் ஆராய இயன்றது. சுவடியில் இரண்டு ஒலிக்கு ஒரு வடிவம் நின்றது. கோப்பில் ஒரு வடிவத்திற்கு இரண்டு எண் நிற்கின்றது. சிக்கல் தலைகீழாயினும், மூலத்தைக் காட்டவேண்டிய கடமை ஒன்றே.

5. ஔகாரமும் ளகரமும்

இயல்பாக்கத்தால் தீராத பிழை ஒன்றும் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின், தட்டெழுதுவோர் பலர் அக்குறிக்கு மாறாகக் கொம்பிட்டு ளகரத்தை எழுதிவிடுகின்றனர். ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ எனவும், ‘கௌதமர்’ என்பது ‘கெளதமர்’ எனவும், ‘வௌவால்’ என்பது ‘வெளவால்’ எனவும் கோப்புக்களில் வருதல் மிகுதி. ‘மௌனம்’ 15 பைட்டுக்களும் ‘மெளனம்’ 18 பைட்டுக்களும் உடையன. கணிப்பொறிக்கு இவை இருவேறு சொற்களே; இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது, ளகரம் உண்மையான எழுத்தாதலின்.

கொம்பும் மெய்யும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுக என்று ஒரே கட்டளை இட்டால் என்னை? ‘தெளிவு’, ‘வெளி’, ‘மெள்ள’, ‘கெளுத்தி’ முதலிய நற்சொற்கள் யாவும் அழியும். ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வருமிடங்களை விலக்கி, ளகரம் தனித்து நிற்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுக்குமாறு வினவலை அமைக்கலாம். அங்ஙனம் பிரிந்து வருவன பெரும்பாலும் ஐயத்திற்குரியவையாக இருக்கும். எனினும் ஒவ்வோரிடத்தையும் முன்பின் தொடருடன் நோக்கி முடிவு செய்தல் தமிழ் கற்றார் பணியே. ஐயமான இடங்களை ஒன்றும் விடாது திரட்டித் தருதலே வினவல் ஆற்றும் தொண்டு.

எழுத்து மயக்கம் வேறும் சில உள. தமிழ் எண் ஒன்றும் ககரமும், ஏழும் எகரமும், எட்டும் அகரமும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றும்; எண்ணாலோ வேறுபட்டவை. பழைய நூல்களின் பாட்டெண்களைத் தமிழ் எண்ணாலேயே தட்டெழுதியிருக்கும் கோப்புக்களில், பாட்டெண்ணுக்கு மாறாக எழுத்தே இடப்பட்டிருத்தலும் நேரும். அக்கோப்பை எண்ணால் வரிசைப்படுத்துவார்க்குச் சில பாட்டுக்கள் காணாமற்போகும்.

6. சுழியும் வெறுமையும்

எஸ்.கியூ.எல். மொழியில் ‘நல்’ எனப்படும் ஒரு மதிப்பு உண்டு. அது சுழியும் அன்று. எழுத்தற்ற தொடரும் அன்று. மதிப்பு அறியப்படவில்லை என்பதே அதன் பொருள். இதனை வெறுமை என்போம். மைஎஸ்கியூஎல்லின் லோட்_ஃபைல், கோப்பைத் திறக்க இயலாதவிடத்துப் பிழை கூறாது. வெறுமையைத் தந்து அமைகின்றது. கோப்பின் பெயர் தவறாயினும், படிக்கும் உரிமை இல்லையாயினும், கோப்பு வரையறுத்த அளவினும் பெரிதாயினும் விளைவு ஒன்றே. வெறுமையினுள் ஒரு சொல் உளதா என்று வினவின் ‘உண்டு’ என்னும் விடையும் வாராது, ‘இல்லை’ என்னும் விடையும் வாராது. ஆயின் சொல் வரும் நிரைகளை எண்ணுக என்று கேட்டால், அந்நிரை எண்ணிக்கையில் சேராது. விடை சுழி என்றே வரும். படிக்கப்படாத நூலில் சொல் இல்லை என்று முடிவு கூறும் நிலை இது.

ஆதலின் சொல்லை எண்ணுமுன் கோப்பின் அளவைக் கேட்டறிதல் வேண்டும். அளவு வாராதாயின், நூல் இன்னும் படிக்கப்படவில்லை என்க.

7. உரிமையும் எல்லையும்

கோப்பை நேரே படிக்கும் ஆற்றல் தீமைக்கும் பயன்படும். இணையப் பக்கத்தின் தேடற்பெட்டியில் வினவலைப் புகுத்தி, வழங்கியின் மறைவான கோப்புக்களைப் படித்துச் செல்வோர் இச்செயற்கூறுகளையே கருவியாகக் கொள்கின்றனர். அதனால் இவற்றிற்குக் காவல் மிகுதி. போஸ்ட்கிரெஸ் இவ்வுரிமையைத் தலைமைப் பயனர்க்கே தந்து வந்தது. 2018-இல் வெளிவந்த 11-ஆம் பதிப்பு முதல், வழங்கிக் கோப்புக்களைப் படித்தற்கெனத் தனிப் பொறுப்பு ஒன்றை வகுத்து, வேண்டியவர்க்கு அதனை வழங்கும் வழியைச் செய்தது. மைஎஸ்கியூஎல் கோப்புரிமை உடையார்க்கும், குறித்த ஓர் அடைவை மட்டும் திறந்துவிடும் வகையில் அமைக்கப்பெறும்.

மேலும், படிக்கப்படும் கோப்பு வழங்கியின் வட்டில் இருத்தல் வேண்டுமேயன்றி ஆய்வாளரின் சொந்தக் கணிப்பொறியில் இருத்தல் போதாது. புதிதாகக் கற்போர் மயங்கும் இடம் இதுவே. பல்கலைக்கழகத்தின் பொது வழங்கியில் இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதினும், டக்டிபி அல்லது எஸ்கியூலைட்டைத் தம் கணிப்பொறியிலேயே நிறுவிப் பயன்படுத்துதல் தமிழ்த்துறை மாணவர்க்குப் பொருந்தும். அவற்றில் வழங்கி என்று ஒன்று தனியே இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் போந்த ஆய்வு நெறியைத் தொகுத்துரைப்போம். முதற்கண் கோப்பைப் பைட்டுக்களாகப் படித்து, அதன் அளவையும் அதற்குரிய சரிபார்ப்பு எண்ணையும் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். சா-256 என்னும் முறையால் பெறும் அவ்வெண், கோப்பில் ஒரு பைட்டு மாறினும் வேறாகிவிடும். சுவடி எண்ணைக் கட்டுரையில் தருவதுபோல் இதனையும் தருதல் தகும். அடுத்துக் குறியேற்றத்தைத் துணிதல் வேண்டும். பின்னர் இயல்பாக்கிய படி ஒன்றைத் தனியே அமைத்து, மூலத்தைத் தொடாது வைத்தல் வேண்டும். ஔகார ளகர மயக்கம் போன்ற இடங்களைத் திரட்டி ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். இவையனைத்தும் முடிந்த பின்னரே சொல்லைத் தேடுதல் முறை.

அப்போதும் ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ என்று எழுதுவதினும், ‘இன்ன பதிப்பைத் தழுவிய இன்ன கோப்பில், இன்னின்ன வடிவங்களில் தேடியவிடத்து இச்சொல் காணப்படவில்லை’ என்று எழுதுதல் மெய்ம்மைக்கு நெருங்கியது. அங்ஙனம் எழுதினால், பின்வரும் மாணவர் ஒருவர் அதே கோப்பை அதே வினவலால் படித்து, நம் முடிவை உடன்படவோ மறுக்கவோ இயலும். நூலின் காலம், ஆசிரியர், வழக்கு என்பன பற்றி இனி எழுதப்படும் முடிவுகள் பலவும் இத்தகைய கோப்புக்களையே அடிப்படையாகக் கொள்ளவிருத்தலின், முதுகலை வகுப்பில் சுவடியியல் பயிற்றும்போதே கோப்பைப் படிக்கும் பயிற்சியையும் சேர்த்தளித்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.